எங்களுக்குக் கிடைத்த கடற்கரை வீடு

துபாயில் குளிரும் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்பியதில்லை. ஸ்வெட்டர் வாங்கினேன் என்று போனில் சொன்னதும், "எதுக்கு, வெயிலுக்கா?" என்று என் மனைவி சிரித்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பெரம்பலூர் வெயிலைவிடப் பெரிய வெயில் அடிக்கிற ஊர் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

நான் ஒரு கட்டுமானக் கம்பெனியில் பிளம்பர். முதல் இரண்டு வருடம் நாங்கள் தங்கிய கேம்ப், துபாய்க்குள்ளேயே அல் கூஸில் இருந்தது. கோடவுன்களுக்கும் பட்டறைகளுக்கும் நடுவில் கான்கிரீட் கட்டடம். ஒரு ரூமில் எட்டுப் பேர் படுத்தால் மூச்சுக்காற்றே போர்வை மாதிரி. பிறகு அல் ஐன் போகிற சாலையில், ஆளரவமில்லாத மணலுக்கு நடுவே புது கேம்ப் போட்டு எங்களை மாற்றினார்கள். தகரச் சுவர் வைத்த போர்ட்டா கேபின். பகலெல்லாம் சூடேறிக் கிடக்கும் மணல், பொழுது சாய்ந்ததும் மளமளவென்று ஆறிவிடும். விடியற்காலை நாலரைக்கு டேங்க் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் பல் கிட்டிப்போகும். பஸ்ஸில் என் சீட்டுக்குப் பக்கத்து ஜன்னல் மூடாது. சிமெண்ட் சாக்கை மடித்து அதில் செருகி வைத்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் அப்படி உட்கார்ந்து சைட்டில் இறங்கும்போது விரல்கள் மடங்காது. பித்தளை வால்வைத் தொடும் முன் இரண்டு கையையும் அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொள்வோம்.

அந்த சைட் ஒரு தீவு. கடலில் மண்ணையும் பாறையையும் கொட்டி உண்டாக்கிய தீவு. உள்ளே நுழைகிற இடத்தில் பெரிய விளம்பரப் பலகை ஒன்று நின்றது. பச்சைத் தண்ணீர், சாய்ந்த தென்னை, தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பெண். பனி பெய்கிற நாட்டுக்காரர்கள் குளிர்காலத்தைக் கழிப்பதற்காகக் கட்டுகிற வீடுகள் அவை என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பலகையில் இருந்த தென்னை தீவில் ஒன்றுகூடக் கிடையாது. ஓலையைச் சேர்த்துக் கட்டிய பேரீச்ச மரங்கள்தான் லாரி லாரியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

டிசம்பர் நடுவில் ஒரு நாள் ஃபோர்மேன் எங்களைக் கூப்பிட்டார். கொல்லத்துக்காரர். மலையாளத்தையும் தமிழையும் இந்தியையும் அரபியையும் ஒரே வாக்கியத்தில் கலப்பார்.

"ரெண்டு ஆள் வேணும். ஒரு பிளம்பர், ஒரு எலக்ட்ரீஷியன். கடலோர வில்லாவிலே தங்கணும். வீட்டுக்காரருக்கு ஹேண்டோவர் ஆகுற வரைக்கும் அங்கே தன்னே டியூட்டி, அங்கே தன்னே ரூம். அச்சா?"

வேலை முடிந்து ஆள் வராமல் பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஒரு சங்கடம் உண்டு. குளியலறைத் தரையில் தண்ணீர் வடிகிற ஜாலிக்கு அடியில் வளைந்த குழாய் ஒன்று போகும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றால்தான் சாக்கடை நாற்றம் மேலே வராது. புழங்காத வீட்டில் அது காய்ந்துவிடும். தினமும் யாராவது குழாயைத் திறந்து தண்ணீர் விட வேண்டும். அதற்கு நான். விளக்குகளும் மோட்டாரும் ஏசியும் ஓடுகின்றனவா என்று பார்க்க இன்னொருவன்.

கேம்பில் எல்லோரும் வயிறெரிந்தார்கள். எலக்ட்ரீஷியனாக ஃபோர்மேன் குறித்த அந்த இன்னொருவன் மட்டும் போக மாட்டேன் என்றான்.

அவன் வேறு பிளாக்கில் இருந்தவன். முப்பது வயது இருக்கும், என்னைவிட நாலைந்து வயது சின்னவன். நெட்டையான ஆள், பேச்சு குறைவு. ஊர் காரைக்கால் பக்கம் என்று மட்டும் தெரியும்.

"சார், வேற யாரையாவது போடுங்க. நான் கேம்ப்லயே இருந்துக்கறேன்."

"எடோ, பீச் வில்லா! எல்லாரும் கேட்டு நிக்குது. நீ மாஃபி, வேண்டாம்னு சொல்றியா?"

"கேம்ப் குளிரு என்னை ஒண்ணும் பண்ணாது சார்."

"கலாஸ், பேச்சு முடிஞ்சு. நாளைக்குப் பெட்டியோட வா."

திரும்பி நடக்கும்போது நான் அவனிடம், "லூசாப்பா நீ? கெடைச்சதை விட்டுட்டு" என்றேன். அவன் எட்டி நடந்து முன்னால் போய்விட்டான். தலைக்கனம் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

வில்லாவில் ஏழு குளியலறைகள். என் வீட்டில் மொத்தமே மூன்று அறை. தரை முழுக்க வெள்ளை மார்பிள், கடல் பக்கம் சுவரே இல்லாமல் முழுக் கண்ணாடி. கண்ணாடியைத் தள்ளினால் இருபது அடி புல்தரை, அதைத் தாண்டி மணல், அதைத் தாண்டித் தண்ணீர். கரைக்கு எதிரே பாறைகளை அடுக்கி அலைதடுப்பு கட்டியிருந்ததால் கடல் அங்கே குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும். பாலைவனக் குளிரில் பாதிகூட அங்கே இல்லை. காலையிலும் சாயங்காலமும் ஏழு அறைக்கும் போய்க் குழாய்களைத் திறந்து, ஜாலியில் ஒரு மக் ஊற்றி, பிளஷை அழுத்திவிட்டு வந்தால் என் டியூட்டி முடிந்தது. பிளம்பராக நான் பார்த்ததிலேயே சொகுசான வேலை அதுதான்.

நாங்கள் தங்க வேண்டியது கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டிரைவர் ரூமில். ஆனால் வேலை இல்லாத நேரத்தில் நான் மாடிக்குப் போய், அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, கண்ணாடிக்கு முன்னால் படுத்துவிடுவேன். கூடாதுதான். யார் பார்க்கப் போகிறார்கள்? வெயில் உடம்பில் இதமாக விழும். படுத்தபடியே கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கடல் இல்லாத மாவட்டத்தில் பிறந்தவனுக்கு அது அலுக்கவே இல்லை.

அவன் மாடிக்கு வந்ததே இல்லை. டிரைவர் ரூமின் ஒரே ஜன்னலைத் திறந்தால் காம்பவுண்டுச் சுவர்தான் தெரியும். அந்த ஜன்னலுக்கு அடியில்தான் அவன் கட்டில். புல்தரையில் விளக்குகளுக்கு ஒயர் இழுக்கும்போது கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான். சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போய்விடுவான். போனில் ஏதாவது பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டு ஆசை என்று நினைத்தேன். அலைச் சத்தம் காதில் விழக்கூடாது என்பதற்காக என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வாரம் இதைப் பார்த்துவிட்டு, கேம்பிலிருந்து ஒரு நண்பன் போன் செய்தபோது நான் வாயை விட்டேன். "இங்க ஒரு காமெடிடா. காரைக்கால்காரனுக்குக் கடலைக் கண்டா பயம். பேயைக் கண்ட மாதிரி முதுகைக் காட்டிக்கிட்டே நடக்கிறான்." அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் நாலு பேர் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே திரும்பினால், அவன் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறான். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனான்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள். காலை வேலையை முடித்துவிட்டு ரூமுக்கு வந்தேன். அவன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளர் தண்ணீரும் இரண்டு வாழைப்பழமும் வைத்துக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தான். வேட்டியில் அவனை அன்றுதான் பார்த்தேன்.

"என்ன தம்பி, இன்னைக்கு ஏதும் விசேஷமா?"

"அம்மாவுக்கு, அண்ணே. ரெண்டு வருசம் ஆவுது."

கேட்ட பிறகும் எனக்கு உடனே விளங்கவில்லை. எங்கள் பக்கம் கடல் பொங்கி வந்ததை டிவியில்தான் பார்த்தோம். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது என்ன நாள் என்று புத்தியில் உறைத்தது.

அவனே சொன்னான். "காலையில கரையில கருவாடு காயப்போடப் போயிருந்துச்சு. நான் காரைக்கால்ல ஒரு கல்யாண மண்டபத்துல வயரிங் பண்ணிட்டு இருந்தேன். கடல் உள்ள வந்துடுச்சுன்னு சொன்னாங்க. கடல் எப்படி உள்ள வரும்னு நான் சிரிச்சேன்." அணையப் போன கற்பூரத்தில் இன்னொரு துண்டை வைத்தான். "அப்புறம் ஊருல இருக்க முடியல. பாலைவனத்துல வேலைன்னு ஏஜெண்ட் சொன்னாரு. அதுக்குத்தான் வந்தேன்."

"அன்னைக்கு நான் போன்ல பேசினது..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியாமதான அண்ணே பேசுனீங்க. விடுங்க. பழம் எடுத்துக்குங்க."

பழத்தை வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு மாடிக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் போகவில்லை.

ஜனவரி இரண்டாவது வாரம், ஹேண்டோவர் முடிவதற்கு முன்னாலேயே வீட்டுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். நார்வேயைச் சேர்ந்த வயதான தம்பதி. கணவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது, கைத்தடியோடு நடந்தார். அந்த அம்மாவுக்கு எழுபது இருக்கும். ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, நிமிர்ந்த நடை. ஊரில் பனி இடுப்பளவு கிடக்கிறது, இன்னும் ஒரு வாரம்கூடப் பொறுக்க முடியாது என்று கம்பெனியிடம் சண்டை போட்டுச் சாவி வாங்கி வந்திருந்தார்கள். சின்னச் சின்ன வேலைகள் பாக்கி இருந்ததால் எங்களை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார் ஃபோர்மேன்.

அவர்கள் கொண்டுவந்தது எல்லாம் மெல்லிய பருத்தி உடுப்பு. அந்த வாரம் பார்த்து வடக்கிலிருந்து காற்று எழும்பியது. இரண்டாம் நாள் காலை அந்த அம்மா இரவு உடைக்கு மேல் விமானத்தில் போட்டுவந்த கனத்த கோட்டை மாட்டிக்கொண்டு எங்கள் ரூம் வாசலில் வந்து நின்றார். வீட்டுக்குள் எலும்பு நடுங்குகிறது, ஹீட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இந்த வீட்டுக்குக் குளிரவைக்கத்தான் தெரியும், சூடாக்கத் தெரியாது என்றேன்.

அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவர்கள் வீட்டில் வெளியே பனி கொட்டினாலும் தரைக்கு அடியிலேயே சூடு ஓடுமாம். வீட்டுக்குள் வெறும் சட்டையோடுதான் நடப்பார்களாம். "குளிருக்குப் பயந்து மூவாயிரம் மைல் பறந்து வந்து, வாழ்க்கையிலேயே குளிரான வீட்டில் படுத்திருக்கிறேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

லீவில் ஊருக்குக் கொண்டுபோக நான் ஒரு போர்வை வாங்கி வைத்திருந்தேன். பெரிய பெரிய ரோஜாப்பூ போட்டது, இரட்டை மடிப்பு, நாலு கிலோ எடை. ஜிப் பையோடு பிரிக்காமல் இருந்தது. அதை எடுத்து நீட்டினேன். அவர் தயங்கிவிட்டு வாங்கிக்கொண்டார். எலக்ட்ரீஷியன் சைட் ஆபீஸுக்கு நடந்துபோய் என்ஜினியரின் மேசைக்கு அடியில் கிடந்த ஆயில் ஹீட்டரைக் கேட்டு வாங்கித் தள்ளிக்கொண்டு வந்தான். அன்று மத்தியானம் போய்ப் பார்த்தால், அந்த ஐயா ஹீட்டருக்குப் பக்கத்தில் ரோஜாப் போர்வையைத் தோளோடு சுற்றிக்கொண்டு புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் அங்கிருந்து கிளம்பும் முன் அதைத் துவைத்து, அதே பையில் மடித்து வைத்துத் திருப்பித் தந்தார்கள்.

வீட்டுக்குள் நடுங்கிய அந்த அம்மா கடலில் நடுங்கவில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு நீச்சல் உடையோடு மணலில் இறங்கி, ஒரு தயக்கமும் இல்லாமல் தண்ணீருக்குள் நடந்துபோய்விடுவார். அவர்கள் ஊர்க் கோடைக்காலக் கடலைவிட இது சூடு என்றார். நேர்கோட்டில் பாறை வரை நீந்துவார், அங்கிருந்து திரும்புவார். தலை மட்டும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அவர் கணவர் தடியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்.

மூன்றாவதோ நான்காவதோ நாள்தான் கவனித்தேன். அந்த நேரத்தில் எலக்ட்ரீஷியன் புல்தரையின் ஓரத்தில், மணல் ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு தோட்ட விளக்கைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் டெஸ்டர் இருந்தது. முதுகு கடல் பக்கம் இல்லை. அந்த அம்மா கரையேறித் துண்டை எடுத்ததும் விளக்கை மாட்டிவிட்டு எழுந்தான். மறுநாளும் அதே விளக்கு.

"அந்த லைட்டுக்கு என்னதான்பா ஆச்சு? நாலு நாளா பாக்குற."

"லைட்டுக்கு ஒண்ணும் இல்லண்ணே." டெஸ்டரைப் பாக்கெட்டில் செருகினான். "அந்தம்மா தனியா போவுது. அந்த ஐயாவால ஓட முடியாது. யாராவது ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கணும்ல."

அடுத்த நாளிலிருந்து குழாய் வேலையைக் கொஞ்சம் முன்னாலேயே முடித்துவிட்டு நானும் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் உட்கார்ந்தேன்.

காற்று திரும்பவும் எழும்பிய ஒரு காலையில் அந்த அம்மா வழக்கம்போல இறங்கினார். அலைதடுப்புப் பாறைகளுக்கு நடுவே படகு போக ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். அன்று அவர் நேராகப் போகாமல் அந்தப் பக்கமாக ஒதுங்கினார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"அவங்க போவல அண்ணே. தண்ணி இழுக்குது."

"அம்மா! ஏம்மா! அந்தப் பக்கம் வேணாம்மா!" என்று கத்தினான். காற்றில் அது எங்கே போகும்? மணலில் ஓடினான். தண்ணீர் விளிம்பில் ஒரு கணம் நின்றான். பிறகு சேஃப்டி ஷூவோடு உள்ளே இறங்கினான். முழங்கால், தொடை, இடுப்பு. போட்டிருந்த மஞ்சள் ஜாக்கெட்டைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினான். நான் ஈர மணலில் நின்று கத்திக்கொண்டிருந்தேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

அந்த அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். மஞ்சள் துணியைக் கண்டதும் திரும்பினார். இழுப்புக்குக் குறுக்கே, நிதானமாக, வெகுநேரம் நீந்திக் கரைக்கு வந்தார். வந்ததும் மூச்சிரைக்க அவர் கேட்ட முதல் கேள்வி, "என் கணவருக்கு என்ன ஆயிற்று?" என்பதுதான்.

அவருக்கு ஒன்றும் இல்லை, காற்றும் அந்த இடைவெளியும்தான் சரியில்லை என்று நான் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் முகம் கடுத்தது. அறுபது வருடமாக நீந்துகிறேன், எனக்குக் கடல் தெரியும் என்றார். அவன் பக்கத்தில் ஜாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றான். அவனுக்காக நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "இவன் அம்மா. சுனாமி." மூன்றே சொல். அதற்கு மேல் ஆங்கிலம் தேவைப்படவில்லை.

அந்த அம்மா அவன் முகத்தையும், தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்த ஷூவையும் பார்த்தார். துண்டைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனார்.

கம்பெனிக்குப் புகார் போகும் என்று அன்று முழுவதும் பயந்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினான் என்று யாராவது எழுதிவிட்டால் போதும். அவன் ஷூவை வெயிலில் காயவைத்துவிட்டு, சுவிட்ச் போர்டு வேலையைப் பார்த்தான்.

மறுநாள் ஏழு மணி. அந்த அம்மா மணலில் இறங்கவில்லை. நேராக அவன் முன்னால் வந்து நின்றார். கடலைக் கையால் காட்டி, "ஓகே?" என்று கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். "உன்னைத்தான்பா கேக்குறாங்க" என்றேன்.

அவன் திரும்பிக் கடலைப் பார்த்தான். இத்தனை நாளும் அந்த அம்மாவின் தலையைத்தான் பார்த்திருந்தான், தண்ணீரை முழுசாகப் பார்த்ததில்லை. இப்போது தண்ணீரின் நிறத்தை, பாறை ஓரத்து நுரையை, இடைவெளியை, பேரீச்ச ஓலை ஆடுகிற திசையை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எனக்குத் தெரியாத ஏதோ ஒன்றைப் படிக்கிறவன் மாதிரி இருந்தது.

"போவச் சொல்லுங்கண்ணே. பாறைக்குப் பாதி தூரம் போதும். இடதுபக்கம் வேணாம்."

நான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, சொன்ன தூரம் வரைக்கும் போய்த் திரும்பினார்.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். அவர் வந்து நிற்பார், அவன் பார்த்துவிட்டுத் தலையசைப்பான், அவர் இறங்குவார். அவர் கணவருக்கு இதில் ஒரே வேடிக்கை. கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடத்தில் மனைவி தன்னிடம் ஒருமுறைகூட அனுமதி கேட்டதில்லை என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஒரு நாள் அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். எனக்குக் கடல் சாதுவாகத்தான் தெரிந்தது. அந்த அம்மா மறுபேச்சில்லாமல் திரும்பிப் போய், நாலு கோப்பையில் பால் இல்லாத காப்பியோடு வந்தார். நாங்கள் நாலு பேரும் புல்தரையில் உட்கார்ந்து அதைக் குடித்தோம். என் கோப்பை பாதியில் நின்றுவிட்டது. அவன் முகம் சுளிக்காமல் குடித்து முடித்தான். பத்து மணிக்கு மேல் காற்று அடித்து, கட்டி வைத்திருந்த பேரீச்ச ஓலைகளையெல்லாம் பிய்த்துப் போட்டது.

பிப்ரவரி நடுவில் வேலை முடிந்தது. எங்களைக் கேம்புக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த அம்மா எங்கள் இருவருக்கும் கைகொடுத்தார். அவனிடம் மட்டும், இனி யாரிடம் கேட்பேன் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் அவன் வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்தான். தகரக் கேபினில் குளிர் அதற்குள் பாதி குறைந்திருந்தது. தீவைப் பற்றி யாராவது கேட்டால் ஏழு பாத்ரூம் கதையை நான் சொல்வேன். மற்றதைச் சொல்லவில்லை.

அந்த வருடக் கடைசியில் எனக்கு சோஹாரில், துறைமுகத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து ஓமனுக்குப் போய்விட்டேன். டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை அவனிடமிருந்து போன் வந்தது. பின்னால் இரைச்சலாக இருந்தது.

"எங்கப்பா இருக்க? பஸ்ஸா?"

"இல்லண்ணே, வில்லாவுல. மெயின்டனன்ஸுக்கு ஆள் வேணும்னு ஃபோர்மேன் கேட்டாரு. நான்தான் பேரு கொடுத்தேன். அந்தம்மா அடுத்த வாரம் வருதாம்."

"டிரைவர் ரூம்லதான் இருக்கியா?"

"ஆமா, படுக்கறது அங்கதான். இப்ப கரையில உக்காந்திருக்கேன். காலையில தண்ணியில நின்னேன்ணே. கழுத்து வரைக்கும் போனேன். உப்பு ரொம்ப ஜாஸ்தி, கண்ணு எரியுது. நம்ம கடல் மாதிரி இல்ல."

சோஹாரில் குளிர் எப்படி என்று கேட்டான். பரவாயில்லை, தாங்கலாம் என்றேன். சாப்பாடு, ரூம், லீவு என்று இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவன் பேசி முடிக்கும் வரை பின்னால் அந்த இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது.